முதியோர் படும் கொடுமையும் குடும்ப அமைப்பும்: இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முதியோருக்கென ஒதுக்கி ஆராதனை நடத்தும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. அன்று நிகழ்த்தப்பெறும் அருளுரைகளில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப ஒலிக்கக் கேட்கிறோம். முற்காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது. அதில் முதியோர் தெய்வமெனப் போற்றப்பட்டனர். மேல்நாட்டு நாகரிகம் வந்து அதனைக் குலைத்தது. ஆகவே இன்று பெற்றோர் திண்ணையிலும் முதியோர் இல்லத்திலும் கிடக்கின்றனர் என்பதே அது. இக்கூற்றில் அறிவுரை மட்டுமன்றி வரலாற்றுச் செய்திகள் இரண்டும் அடங்கியுள்ளன. அன்று கொடுமை இல்லை என்பது ஒன்று. கொடுமை மேற்கிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சோதிக்காமலே நாம் பிரசங்கித்து வருகிறோம். இவற்றுள் இரண்டாவதையே இக்கட்டுரையில் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம். குற்றம் சாட்டப்படும் மேல்நாடுகளுள் நம்மோடு மிக நெருங்கிய தொடர்புடையது இங்கிலாந்து. நம் நீதிமன்றச் சட்டங்களின் வேரும், நம் சபைகள் பலவற்றின் ஆட்சி முறையும் அங்கிருந்து வந்தவையே.

அதற்குமுன் திருமறையை ஒருமுறை நோக்குதல் தகும். தகப்பனையாவது தாயையாவது அடிக்கிறவனுக்கும் சபிக்கிறவனுக்கும் மரண தண்டனை விதிக்கும் சட்டம் யாத்திராகமத்தில் உள்ளது (யாத். 21:15, 17). தகப்பனைக் கொள்ளையிட்டுத் தாயைத் துரத்திவிடும் மகனை நீதிமொழிகள் கண்டிக்கிறது (நீதி. 19:26). நிகழாத குற்றத்துக்கு எந்தச் சமுதாயமும் சட்டம் இயற்றுவதில்லை. மூன்று தலைமுறையினர் ஒரே 'தகப்பன் வீட்டில்' வாழ்ந்த இஸ்ரவேலில்தான் இவை எழுதப்பட்டன. பத்துக் கட்டளைகள் யாரை நோக்கிக் கூறப்பட்டன என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வேலைக்காரனும் மிருகஜீவனும் வீடும் உடையவனை, அதாவது குடும்பச் சொத்தைக் கையில் வைத்திருக்கும் வளர்ந்த மனிதனை நோக்கியே அவை பேசுகின்றன. ஐந்தாம் கட்டளையை ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்க்கான கீழ்ப்படிதல் பாடமாக மட்டும் கற்பிப்பதால், நாற்பது வயது மகனுக்கு அதில் பங்கில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. நம் ஆண்டவர் அக்கட்டளையை எடுத்தாண்ட இடமோ முற்றிலும் சொத்தைப் பற்றியது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' என்று நேர்ந்துவிட்டுக் கைவிரிக்கும் மகனையும், அதற்கு இடங்கொடுத்த சமயத் தலைவர்களையும் அவர் ஒருங்கே சாடுகிறார் (மாற்கு 7:9-13). உயிரோடிருக்கும்போதே மகனுக்கோ மனைவிக்கோ சகோதரனுக்கோ சொத்தையும் அதிகாரத்தையும் கொடுத்துவிடாதே. பிறகு அவர்கள் கையை நீ எதிர்பார்க்க நேரிடும் என்று சீராக்கின் ஞான நூல் எச்சரிப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த அவ்வாசிரியர் மேல்நாட்டு நாகரிகத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க முடியாது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். தொழிற்புரட்சி ஏற்பட்டு ஆலைகள் பெருகியபோது கூட்டுக் குடும்பம் அங்கே சிதைந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1965-இல் பீட்டர் லாஸ்லெட் என்னும் வரலாற்றாசிரியர் 'நாம் இழந்த உலகம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் பழைய பங்குப் பதிவுகளையும் மக்கள் பட்டியல்களையும் ஆராய்ந்து, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலேயரின் வீட்டில் சராசரியாக ஐந்து பேருக்கும் குறைவாகவே, அதாவது 4.75 பேரே வாழ்ந்தனர் என்று காட்டினர். மணம் முடித்த மகன் தனிக்குடித்தனம் போவதே அங்கு நெடுநாளைய வழக்கம். எனவே ஆலையும் நகரமும் குலைப்பதற்குக் கூட்டுக் குடும்பம் என்ற ஒன்று அங்குப் பெருவழக்காக இருக்கவில்லை.

அப்படியாயின் வயது முதிர்ந்தோர் எவ்வாறு பிழைத்தனர்? நிலமுடைய குடியானவர் கையாண்ட முறை ஒன்று நம் கவனத்தை ஈர்க்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை உழ இயலாத தந்தை, நிலக்கிழாரின் மன்றத்துக்குச் சென்று, நிலத்தை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார். அதற்கு ஈடாக மகன் தரவேண்டியவை யாவும் மன்றத்தின் ஏட்டில் எழுதப்படும். இத்தனை படி தானியம், ஆண்டுக்கு இன்ன ஆடை, படுக்க ஓர் அறை, அடுப்பருகே ஓர் இடம் என அவை விரியும். மகன் தவறினால் மன்றம் அவனைத் தண்டிக்கும். சில வேளைகளில் நிலத்தைத் திருப்பியும் கொடுக்கும். ஜெர்மானிய நாடுகளிலும் பின்லாந்திலும் இவ்வகை ஒப்பந்தங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தன. எத்தனை குடம் பால், எவ்வளவு விறகு, எந்த வாசல் வழியாக நடக்க உரிமை என்பது வரை எழுதி வாங்கினர். இதனை வாசிக்கும் நமக்குச் சற்றே அருவருப்புத் தோன்றலாம். பெற்ற மகனிடம் இப்படியும் எழுதி வாங்குவார்களா என்போம். ஆனால் அக்குடியானவர் சீராக்கின் எச்சரிக்கையை உணர்ந்தவர்கள். சொத்துக் கைமாறும் நாளே முதியவருக்கு ஆபத்தான நாள் என்பதைப் பாசத்தின் பெயரால் அவர்கள் மறைக்கவில்லை.

செல்வர் வீடுகளிலும் இதே நிலைதான். 1603-இல் கென்ட் பகுதியைச் சேர்ந்த பிரையன் ஆன்ஸ்லி என்னும் முதிய பிரபுவைச் சித்தம் கலங்கியவரென அறிவித்து அவருடைய சொத்தின் நிர்வாகத்தைப் பெற மூத்த மகளும் அவள் கணவரும் முயன்றனர். இளைய மகள் கார்டெல் அரசரின் அமைச்சருக்கு மடல் எழுதி அதனை எதிர்த்தாள். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகம் இரண்டு மூன்று ஆண்டுகளில் அரங்கேறியது. நாடகத்துக்கும் இவ்வழக்குக்கும் தொடர்புண்டா என்பதை இலக்கிய அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அக்கதை அயலானதாக இருந்திருக்காது.

நிலமில்லாத ஏழை முதியோரைத் தாங்கியது சபைப் பங்கே. 1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் வரி தண்டி ஏழைகளுக்கு உதவும் பொறுப்பை, சபையின் வார்டன்களிடமும் அவர்களோடு நியமிக்கப்பட்ட கண்காணிகளிடமும் ஒப்படைத்தது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு, வசதியுள்ள பிள்ளைகள் தம் ஏழைப் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்றும், தவறினால் மாதத்துக்கு 20 ஷில்லிங் அபராதம் என்றும் விதித்தது. பிள்ளைகளும் ஏழைகளாயிருந்தமையால், பெரும்பாலான இடங்களில் பங்கே வாரந்தோறும் முதியோருக்குச் சில்லறைக் காசு கொடுத்து வந்தது. 1834-இல் வந்த புதிய சட்டம் இந்நிலையைக் கடுமையாக்கியது. உதவி வேண்டுவோர் 'வொர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வரவேண்டும். அங்குள்ள வாழ்க்கை வெளியே கூலி வேலை செய்பவனின் வாழ்க்கையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர். நாற்பது ஆண்டு இல்லறம் நடத்திய கணவனும் மனைவியும் கூடப் பிரிக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியரைப் பிரிக்கலாகாது என்று 1847-இல் விதி தளர்த்தப்பட்ட பின்னரும் பல விடுதிகளில் அதற்கேற்ற அறை இருக்கவில்லை. 1870-களில், முதியோர் தம் வீட்டிலிருந்தபடியே பெற்றுவந்த உதவியையும் அதிகாரிகள் குறைத்துப் பிள்ளைகளிடம் வாரக் காசு கேட்டு வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவை ஊகிப்பது எளிது. யார் எவ்வளவு தருவது என்று அண்ணன் தம்பியர் சண்டையிட்டனர். மகனை மன்றத்துக்கு இழுக்க மனமின்றித் தாய் பட்டினி கிடந்தாள். குடும்ப அன்பைச் சட்டத்தால் காக்க எழுந்த முயற்சி, இருந்த அன்பையும் கசப்பாக்கியது என்பதே நம் கணிப்பு.

இவ்விடத்தில் திருப்பணியாளர் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் அருள்திரு வில்லியம் பிளாக்லி 1878-இல் நாடு தழுவிய காப்பீட்டுத் திட்டத்தை முன்மொழிந்தார். இலண்டனின் வால்வொர்த் பகுதியில் உழைப்பாளரிடையே பணியாற்றிய காங்கிரிகேஷனல் போதகர் அருள்திரு பிரான்சிஸ் ஹெர்பர்ட் ஸ்டெட் 1898-இல் முதியோர் ஓய்வூதியத்துக்காக ஒரு மாநாட்டைக் கூட்டி, அடுத்த ஆண்டில் தொழிற்சங்கங்களை இணைத்து இயக்கம் தொடங்கினார். அவர்களை எதிர்த்தவர்களும் பக்தியுள்ள கிறிஸ்தவர்களே. அரசு பணம் கொடுத்தால் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவர், ஐந்தாம் கட்டளை செத்துப்போம் என்பது அவர்களுடைய வாதம். ஆயினும் 1908-இல் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல் நாளன்று, எழுபது வயது நிறைந்த ஏழையர் அஞ்சலகத்துக்குச் சென்று வாரத்துக்கு 5 ஷில்லிங் வரையில் பெறத் தொடங்கினர். தொகை மிகச் சிறியது. ஏழையர் சட்டத்தின்கீழ் உதவி பெற்றவர்களுக்கு முதலில் அதுவும் மறுக்கப்பட்டது. எனினும் மகன் வீட்டு மூலையில் சுமையாகக் கிடந்த தாய், அந்த 5 ஷில்லிங்கைக் கையில் கொண்டு வந்தபோது, வீட்டுச் செலவில் பங்கெடுப்பவளாக மாறினாள். பிள்ளைகள் கைவிடவில்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. பொருளாதார மந்தம் வந்த 1931 முதல், வேலையற்றோருக்கு உதவி வழங்குமுன் வீட்டிலுள்ள அனைவருடைய வருமானமும் கணக்கிடப்பட்டது. மகளின் கூலி உயர்ந்தால் தந்தையின் உதவித்தொகை குறைந்தது. தந்தை மகளின் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. வளர்ந்த பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்களும் உண்டு. மக்களின் வெறுப்புக்கு ஆளான இச்சோதனை 1941-இல் நீக்கப்பட்டது. 1948-இல் ஏழையர் சட்டம் முழுதும் ஒழிக்கப்பட்டபோது, பெற்றோரைப் பராமரிக்கும் சட்டக் கடமையிலிருந்து பிள்ளைகள் விடுவிக்கப்பட்டனர். இதன்பின் அன்பு வற்றிப்போயிற்றா என்று கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் 203 முதியோரைச் சந்தித்து ஆராய்ந்தார் பீட்டர் டவுன்செண்ட். 1957-இல் வெளிவந்த அவருடைய நூல், பெரும்பான்மையான முதியோரைப் பிள்ளைகளும் உறவினரும் நாள்தோறும் வந்து கவனித்துக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது.

அவ்வாறாயின் கொடுமை அங்கே ஒழிந்துவிட்டதா? இல்லை. 1967-இல் பார்பரா ராப் என்னும் பெண்மணி, நெடுநாள் நோயாளர் தங்கும் மருத்துவமனைகளில் முதியோர் பட்ட இழிவை நூலாகத் தொகுத்து நாட்டையே உலுக்கினார். 1975-இல் பர்ஸ்டன் என்னும் மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில், வீட்டில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் மூதாட்டியரைப் பற்றி எடுத்துரைத்தார். 'பாட்டியை அடித்தல்' என்ற கொச்சையான பெயரில் இப்பொருள் அப்போதுதான் மருத்துவ உலகில் பேசப்படலாயிற்று. குழந்தைகளும் மனைவியரும் வீட்டில் அடிபடுவது அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆய்வுக்கு வந்துவிட்டது. முதியோரின் முறை கடைசியாக வந்தது. தொடக்கத்தில் கூறப்பட்ட விளக்கம் எளிமையானது: படுக்கையில் கிடக்கும் தாயை இரவும் பகலும் தனியே கவனித்துச் சோர்ந்த மகள், ஒரு கணம் பொறுமை இழக்கிறாள் என்பது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 2,020 முதியோரைக் கேட்டு 1988-இல் பில்லிமரும் ஃபிங்கெல்ஹோரும் வெளியிட்ட ஆய்வு இதனைத் திருத்தியது. ஆயிரத்துக்கு 32 பேர் அடியோ வசையோ புறக்கணிப்போ கண்டிருந்தனர். துன்புறுத்தியவருள் பிள்ளைகளைவிட வாழ்க்கைத் துணைவரே மிகுதி. பில்லிமரின் ஆய்வுகள் மற்றொன்றையும் வெளிப்படுத்தின. துன்புறுத்தும் பிள்ளை பெரும்பாலும் பெற்றோரைத் தாங்குபவன் அல்லன். பெற்றோரின் வீட்டையும் பணத்தையும் நம்பி வாழ்பவன். குடிக்கு அடிமையான மகனையும், வேலையில்லாமல் தாயின் ஓய்வூதிய நாளுக்குக் காத்திருக்கும் மகனையும் அறியாத போதகர் நம்முள் யார்?

இங்ஙனம் நோக்குமிடத்து, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்னும் வினா இங்கு முதன்மையானதன்று. யார் யார் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியுள்ளது, அந்த வீட்டின் கதவு பிறருக்குத் திறந்திருக்கிறதா என்பவையே முதன்மையானவை. நம் நாட்டின் வரலாறோ இங்கிலாந்தின் பாதைக்கு நேர் எதிராகச் சென்றுள்ளது. ஆங்கிலேயர் இங்கு இயற்றிய 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே ஜீவனாம்சம் வழங்கியது. பெற்றோரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இந்துப் பெற்றோருக்கு 1956-இல் தனிச் சட்டம் இடமளித்தது. கிறிஸ்தவப் பெற்றோருக்கோ 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு வரும்வரை அத்தகைய சட்ட உரிமை எதுவும் இருக்கவில்லை. இங்கிலாந்து 1948-இல் இறக்கி வைத்த கடமையை இந்தியா 1973-இல் எல்லாச் சமயத்தார்மீதும் ஏற்றியது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் அதனை மேலும் விரித்தது. கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரி தலைமை தாங்கும் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரையில் பராமரிப்புத் தொகை, கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரையில் சிறை என்பவை அதன் கூறுகள். இவற்றை நாம் குறைகூறவில்லை. வேறு வழியற்ற தாய்க்கு இவை தேவையே. ஆயினும் வழக்குத் தொடுத்து வென்ற தாய், அன்று மாலை எந்த வீட்டுக்குத் திரும்புகிறாள் என்பதை 1870-களின் இங்கிலாந்து நமக்கு நினைவூட்டுகிறது. பிள்ளையின் கையை எதிர்பாராத உதவி நம்மிடமும் இல்லாமலில்லை. சென்னை மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாயிற்று. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் சொந்த ஜனங்களை விசாரியாதவனைக் கண்டிக்கும் வசனத்தை (1 தீமோ. 5:8) நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். அதே அதிகாரத்தில், அறுபது வயது நிரம்பிய விதவைகளின் பெயர்களைச் சபை ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்த செய்தியை ஏனோ கடந்துபோகிறோம்.

நம் பண்பாடு முதியோரைக் காக்கும் அரண் என்னும் நம்பிக்கைக்கு 2010-இல் விழுந்த அடியை ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. விருதுநகர் மாவட்டத்தில் 'தலைக்கூத்தல்' என்னும் பெயரில், படுத்த படுக்கையான முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் பருகக் கொடுத்து மரணத்தை வருவிக்கும் வழக்கம் அவ்வாண்டு செய்தித்தாள்களில் வெளிவந்தது. அதனை ஒரு கொலையாக அக்குடும்பங்கள் கருதவில்லை. கிடையில் கிடப்பவருக்குச் செய்யும் கடைசி நன்மையென்றே பேசின. வெறுப்பைவிட இத்தகைய கனிவு ஆராய்ச்சிக்குக் கடினமானது. வறுமையும், மருத்துவ வசதியின்மையும், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில் நோயாளியின் அருகே இருக்க ஆளின்மையும் அக்கனிவினுள் ஒளிந்திருக்கின்றன. இது மேற்கிலிருந்து வந்ததன்று.

இதைவிட மென்மையான, ஆனால் எங்கும் காணத்தக்க வழக்கங்களும் உள. தந்தை மூத்தவன் வீட்டிலும் தாய் இளையவன் வீட்டிலும் எனப் பெற்றோரைப் பங்கிடுகிறோம். ஏழையர் விடுதி மதிலெழுப்பிச் செய்ததை நாம் மதிலின்றிச் செய்கிறோம். மாதத்துக்கு ஒரு மகன் வீடு என முறைவைத்துச் சோறிடும் வீடுகளில், முப்பத்தொன்றாம் நாள் யாருடையது என்ற வழக்கு எழுவதுண்டு. பிரசங்கங்களிலோ குற்றம் மருமகள்மேல் சாய்கிறது. மலமும் சிறுநீரும் எடுப்பவள் அவள். பத்திரம் இருப்பதோ கணவன் பெயரில். மாமியாரை அவள் தேர்ந்துகொள்ளவில்லை. தன் தாயைச் சென்று பார்க்கவும் அவள் அனுமதி கேட்க வேண்டும். முதியவரும் வாய் திறப்பதில்லை. மகன் அடிக்கிறான் என்று சொன்னால் வளர்ப்புச் சரியில்லை என்று சபையார் பேசுவர் என அஞ்சுகிறார். வீடு சந்திக்கச் செல்லும் போதகரும், மகன் கொண்டுவரும் தேநீரை அருந்தி, அவன் முன்னிலையிலேயே 'நலமாயிருக்கிறீர்களா, அம்மா?' என்று கேட்டு ஜெபித்துத் திரும்புகிறார். தாயைத் தனியே கண்டு பேசும் பழக்கம் நம் ஆயர் பணியில் இல்லை.

இறுதியாக, சொத்துக் கைமாறும் நாளுக்கு மீண்டும் வருவோம். தான செட்டில்மெண்ட் எழுதும்போது, 'என்னை ஆயுள் வரை பராமரிக்க வேண்டும், வீட்டில் எனக்கு இன்ன அறை' என்று நிபந்தனை எழுத நம் பெற்றோர் வெட்கப்படுகின்றனர். எழுதச் சொன்னால் மகன் மனம் புண்படும் என்கின்றனர். பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் ஜெபத்துக்கு அழைக்கப்படும் போதகருக்கும் அதனைச் சொல்லத் துணிவு வருவதில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பை நிபந்தனையாகக் கொண்டு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறிய மகனிடமிருந்து திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று நிறுவப்படாவிடில் அப்பிரிவு பொருந்தாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 2-ஆம் நாள் அதே நீதிமன்றம், முதியோரைக் காக்கும் நோக்குடைய இச்சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை நீக்கி, வீட்டை அவரிடமே திருப்பி ஒப்படைக்க ஆணையிட்டது. மகன் பராமரிப்பதாக வாக்களித்த தனித் தாள் ஒன்றை அத்தாய் வழக்கில் காட்டியிருந்தார். அது போலியென்று மகன் வாதாடினான். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை.